கடிகாரக்காரரின் கைராசி

"எட்டு நாளா ஒரு கெண்டை கூட வாய் வைக்கல. ஏரியில யாராவது எதையாவது கலந்துட்டாங்களா?"

கடிகாரக்காரர் கேட்டதும், துடுப்பைத் துடைக்கிற சாக்கில் படகுக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மீன்தானேண்ணே. ஒரு நாள் கடிக்கும், ஒரு நாள் கடிக்காது."

"அது மத்தவங்களுக்கு. எனக்கு நாலு வருஷமா கடிக்காத நாளே கிடையாது, தெரியுமில்ல?"

வீண் ஜம்பம் இல்லை, உண்மைதான். கடிகாரத்தில் பொடிப்பொடி திருகாணிகளைப் பூட்டிப் பழகிய கை. காலை ஆறு மணிக்குப் படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து, ஆழம் பார்த்துத் தக்கையைக் கட்டி, முள்ளில் மண்புழுவைக் கோத்துப் போட்டால் போதும். ஏழு மணிக்குள் இரண்டு கெண்டையாவது கூடையில் துள்ளும். சற்றுத் தள்ளி உட்கார்ந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். 'மனுஷனுக்கு என்ன கைராசியப்பா!' என்று வயிறெரிவார்கள். இவரும் மீசையைத் தடவிக்கொள்வார்.

வீட்டுக்காரிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "மீன் வயித்தைக் கீறினா தவிடா வருதே, எப்படிங்க?" என்பாள். "வாத்துக்கு யாராவது போடுவாங்க. நீ அடுப்பைப் பாரு" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

இன்றைக்கும் தக்கை ஆடாமல் அசையாமல் கிடந்தது. அவர் பக்கத்தில் இன்னொரு தூண்டில் சுவரோடு சாய்ந்திருந்தது. தினமும் கொண்டுவருவார். தினமும் அது நனையாமலே வீடு திரும்பும்.

"அதையாவது போட்டுப் பாருங்களேன்" என்றான் படகுக்காரன்.

"அது என் தம்பிக்கு. அவன் வந்துதான் போடணும்."

"நீங்களே போய்க் கூப்பிட்டா என்னண்ணே? மூத்தவங்க போனா கிரீடம் இறங்கிடுமா?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? அப்பா படுக்கையில கிடந்தப்ப ஆறு மாசம் கண்ணு மூடாம பார்த்துக்கிட்டவன் அவன். ஒரே ஒரு வேளை மருந்து கொடுக்க மறந்துட்டான். அத்தனை சொந்தக்காரங்க முன்னாடியும், 'ஒரு வேலையைத் தொடர்ந்து பத்து நாள் ஒழுங்கா செய்ய உனக்கு வக்கிருக்காடா?'ன்னு கேட்டுட்டேன். நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியுமா? அன்னிக்கு வாசப்படி இறங்கிப் போனவன்தான். அவன் தெருமுனை வரைக்கும் மூணு தடவை போயிட்டேன். கால் வரமாட்டேங்குது."

சுவரோடு சாய்ந்திருந்த தூண்டிலை ஒரு தடவை நிமிர்த்தி வைத்தார்.

"சின்ன வயசுல ரெண்டு பேரும் இந்தப் படியிலதான் உட்காருவோம். எனக்கு மீனாடா முக்கியம்? என்னிக்காவது ஒரு நாள் அவன் இங்கே வருவான்னுதான் உட்கார்ந்திருக்கேன். வழி பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு."

படகுக்காரன் துடுப்பைக் கீழே வைத்தான்.

"உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். அடப் போங்க, சத்தியமாவது ஒண்ணாவது! இதுக்கு மேல மறைச்சா எனக்குச் சோறு இறங்காது."

"யாரு சத்தியம் வாங்கினது? என்னடா உளர்றே?"

"உங்க தம்பிதாண்ணே. நாலு வருஷமா ஒரு சாயங்காலம் தப்பாம சைக்கிள்ல வந்து, நீங்க தூண்டில் போடுற இடமாப் பார்த்துத் தவிட்டு உருண்டை போட்டுட்டுப் போவார். போன வாரம் கீழே விழுந்து கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கார். நேத்து பார்க்கப் போனேன், வலியில முனகிக்கிட்டே கேட்டாரு: 'அண்ணனுக்கு மீன் கிடைச்சுதா?'"