லினக்ஸுக்கு ஒரு கீபோர்டு

லோபாக்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மஸ்தானுக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. புக்கிட் பெலண்டோக் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி விசுவநாதன் நான்காவது கீபோர்டையும் ஒதுக்கித் தள்ளிவிட்டார்.

“லினக்ஸில ஓடுமான்னு கேட்டீங்க. கண்ணு முன்னால போட்டுக் காட்டினேன். நாலும் ஓடுதுலா! அப்புறம் என்ன?”

“எனக்குப் பிடிக்கல. வேற காட்டு.”

“கம்ப்யூட்டருக்கு ஓசியில கிடைக்கிற சிஸ்டம். கீபோர்டு மட்டும் தங்கத்துல வேணுமாக்கும்?”

“வாயை அடக்கு பாய். விக்கத் தெரியலன்னா கடையை மூடு.”

மஸ்தானுக்குச் சுர்ரென்று ஏறியது. மூலையில் கிடந்த பெட்டியை எடுத்து மேசைமேல் போட்டார்.

“இது ஒண்ணுதான் மிச்சம். விண்டோஸுக்குன்னே செஞ்ச பழைய மாடல், அதோட சாப்ட்வேர் இல்லாம ஓடாது. லினக்ஸில ஓர் எழுத்துகூட விழாது. போதுமா?”

“நிச்சயமாவா?”

“இந்தாங்க, மாட்டிட்டேன். நீங்களே தட்டிப் பாருங்க.”

கிராணி தட்டினார். திரையில் ஒன்றும் விழவில்லை. ஒரு பட்டன் விடாமல் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தார். கடைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

“இதையே கட்டு.”

“ஐயா, ஓடாதுன்னு சொல்றேன்! திருப்பிக் கொண்டு வந்தா வாங்க மாட்டேன்.”

“கொண்டு வர மாட்டேன். ஆபீஸுக்குப் புதுசா வந்திருக்கிற கம்ப்யூட்டரை நாளைக்குப் பெரிய துரை வந்து பார்க்கிறாரு. அது ஓடினா, இருபத்திரண்டு வருஷமா கணக்கு எழுதுற நான் வீட்டுக்குப் போகணும். ஓடலைன்னா, அது போகும்.”