அரியமுத்து வீட்டுக் கக்கூஸ்

சுவர் மறுபடியும் விழுந்து கிடந்தது.

கிருஷ்ணமூர்த்தி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். திருச்சியில் நிம்மதியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த மனுஷனுக்கு, சுதந்திரம் வந்த கையோடு தொண்டு ஆசையும் வந்துவிட்டது. குரும்பலூரைத் தாண்டி இந்தக் குக்கிராமத்துக்கு வந்து வீட்டுக்கு வீடு கெஞ்சியதில், கக்கூஸ் கட்டிக்கொள்ளச் சம்மதித்தவர் அரியமுத்து ஒருவர்தான்.

அதுவும் மருமகளுக்காக. அம்சவள்ளிக்கு நிறைமாதம். விடியுமுன் இருட்டில், முள்ளும் பாம்புமாகக் கிடக்கும் ஓடைக்கரைக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். பிரசவத்துக்குள் கட்டி முடித்துவிட வேண்டும் என்று கிருஷ்ணமூர்த்திக்கு வைராக்கியம். குழி வெட்டியாயிற்று. மண் சுவர்தான் நிற்கமாட்டேன் என்கிறது. பகலில் எழுப்பினால் காலையில் தரையில் கிடக்கிறது.

"மண்ணு சரியில்லையோ?" என்றார் களைப்போடு.

"மண்ணு என்னாங்க பண்ணும்? எல்லாம் அந்தக் கொளஞ்சி வேலை," என்றார் அரியமுத்து.

"யாரு அது?"

"அம்சவள்ளியப் பெத்தவதான். கீழத்தெரு. கல்யாணம் முடிஞ்ச பொறவு கெணத்துத் தண்ணித் தகராறுல பேச்சுவார்த்தை அத்துப்போச்சு. எங்க வூட்டுல ஒரு நல்லது நடந்தா அவளுக்குப் பொறுக்காது."

"அவங்க மகளுக்காகத்தானே கட்டறோம்?"

"மவளாவது ஒண்ணாவது. புள்ள மாசமா இருக்கான்னு தெரிஞ்சும் வாசப்படிப் பக்கம் எட்டிப் பாக்கலியே."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"நான் எதுக்குங்க கூப்புடறேன்? அவ இங்க காலு வெக்கக் கூடாது, இவ அங்க போவக் கூடாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். தலைப்பிரசவமும் இங்கதான். நாளைக்குக் கையும் களவுமா புடிச்சிக் குடுங்க, பஞ்சாயத்துல நிக்க வெச்சிடறேன்."

பெற்ற மகள்மேல் இத்தனை வன்மமா என்று கிருஷ்ணமூர்த்திக்கு மனசு கசந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு திருச்சிக்கே திரும்பிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் அன்றைக்கும் மண்ணைக் குழைத்துச் சுவரை எழுப்பினார். மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே வந்து வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கோழி கூவியதும் ஓர் உருவம் வந்தது. ஈரச் சுவரில் முதுகைச் சாய்த்து மெல்ல அழுத்தியது. ஒரு பக்கம் பொதபொதவென்று சரிந்தது.

கிருஷ்ணமூர்த்தி வேகமாகக் கிட்டே போனார். நின்றது அம்சவள்ளி.

"என்னம்மா இது? உனக்காகத்தானே இவ்வளவு பாடுபடறோம்?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "மாமாகிட்ட சொல்லிடாதீங்கய்யா."

"இருட்டுல ஓடைக்குப் போறது அவ்வளவு சுகமா இருக்கா?" என்றார் எரிச்சலோடு.

"கஷ்டந்தாங்க. ஆனா எங்கம்மாவும் அங்கதாங்க வரும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தலையக் கோதிவிடும். வலி வந்தா பயப்படாதன்னு சொல்லும். அவ்வளவுதாங்க. வூட்டோட கக்கூஸ் வந்துட்டா, நான் என்னாத்தச் சொல்லிட்டு வெளிய போவேன்?"

அம்மாவையும் மகளையும் பிரிக்கவா இத்தனை நாள் மண் சுமந்தோம் என்று கிருஷ்ணமூர்த்திக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"போய்ட்டு வாம்மா. பார்த்துப் போ," என்றார்.

அவள் ஓடைப் பக்கம் மறைந்ததும், மிச்சம் நின்ற சுவரைத் தோள் கொடுத்து அவரே தள்ளினார். சத்தம் கேட்டு அரியமுத்து வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆளு மாட்டிக்கிச்சா? கொளஞ்சிதானே?"

"இல்லீங்க, நான்தான் தள்ளினேன்," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "இந்த இடம் சரிப்படாது. வழியில இருக்கற முள்ளை வெட்டிட்டு ஓடைக்கரையிலயே கட்டிடலாம், ஊருப் பொம்பளைங்க எல்லாருக்கும் பொதுவா."