தண்ணீர் ஏறாத வீடு

இந்தக் காலத்து ஆள்கள் வாயைத் திறந்தாலே புளுகு என்று முனகிக்கொண்டே, அய்யாவு அந்த வீட்டுச் சுவரை முகர்ந்து பார்த்தார்.

புதுச் சாயத்தின் வாசனைதான் வந்தது.

“என்ன அங்கிள், வீடு பாக்க வந்தீங்களா, மீன் வாங்க வந்தீங்களா?” என்று சிரித்தான் தரகன் ஜீவன்.

அய்யாவு சிரிக்கவில்லை. நாற்பது வருடம் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. காகிதத்தில் எழுதியிருப்பதை அவர் நம்புவதில்லை. கண்ணையும் மூக்கையும்தான் நம்புவார்.

டெங்கிலில் அவர் பார்க்கும் ஆறாவது வீடு இது. ஆறு தரகர்களும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். எல்லா இடத்திலும் வெள்ளம் வரும், இந்தத் தாமான் குடியிருப்பில் மட்டும் ஏறாதாம்.

கிள்ளானில் இப்போது இருக்கும் வீட்டையும் அவருக்கு அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். முப்பது வருடம் ஏறவும் இல்லை. பிறகு மேட்டிலிருந்த செம்பனைத் தோட்டத்தை வழித்துவிட்டு அடுக்குமாடி கட்டினார்கள். மழையும் புத்தி கெட்டுப்போய், ஒரு மாதம் பெய்ய வேண்டியதை ஒரே நாளில் கொட்டத் தொடங்கியது. நாலு வருடத்தில் மூன்று முறை வீடு மூழ்கியது.

கடைசி முறை படகு வரவே இல்லை. பக்கவாதத்தில் விழுந்து கிடக்கும் மனைவி வீரம்மாவைத் தூக்க ஆளும் இல்லை. பழைய ஐஸ்பெட்டியின் கதவைக் கழற்றி, பெட்டியை மல்லாக்கப் போட்டு, உள்ளே அவளைக் கிடத்தித் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார். அவருக்குக் கழுத்தளவு தண்ணீர்.

வழி முழுக்க அவள் கண்ணை மூடவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இப்போது வானம் கறுத்தாலே அவளுடைய நல்ல கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு தடவை அவளை அந்தப் பெட்டிக்குள் படுக்கவைக்க அவரால் முடியாது. தண்ணீர் ஏறாத ஒரு வீடு, அது எந்த மூலையில் இருந்தாலும் சரி.

டிவியில் ஒருவன் கோட்டு மாட்டிக்கொண்டு, பூமி சூடாகிவிட்டது, ஜனங்கள் மேட்டுக்குப் போக வேண்டும் என்றான். சூடாக்கினவன் எவனும் மூழ்கவில்லை. மேட்டை வாங்கியவனும் அவன்தான்.

அய்யாவு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கதவு நிலையின் அடியை நகத்தால் கீறினார். மரம் புதுசு. பிளக்குகளைப் பார்த்தார். வெள்ளம் கண்ட வீட்டில் அவற்றை மார்பு உயரத்துக்கு ஏற்றியிருப்பார்கள். இங்கே கீழேயே இருந்தன. சந்தேகம் வராதபடி மறுபடி இறக்கியிருப்பார்கள், கில்லாடிகள்.

நிமிர்ந்தபோது சாமி மேடை கண்ணில் பட்டது.

வீட்டுக்காரி தனலெட்சுமி அதை மட்டும் கழற்றாமல் விட்டிருந்தாள். மனம் வரவில்லை போலும். முருகனும் மாரியம்மனும் தலை சீலிங்கில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். கீழே சுவரோரம் ஒரு மடக்கு ஏணி.

“ஏம்மா, தினம் ஏணியில ஏறியா வெளக்கேத்துற?”

தனலெட்சுமி ஜீவனைப் பார்த்தாள்.

“சாமின்னா ஒசரத்துலதான் இருக்கணும்லா, அங்கிள்,” என்று முந்திக்கொண்டான் ஜீவன்.

“உன்னைக் கேக்கல.”

“முழங்கால் வரைக்கும்தான் அங்கிள் வந்துச்சு,” என்றாள் அவள்.

“அக்கா!” என்று பல்லைக் கடித்தான் ஜீவன்.

“முழங்கால் தண்ணிக்கு எவளாச்சும் சாமிய மோட்டுக்கு ஏத்துவாளா? ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு முழம் ஏத்திருக்க. சாமிய காப்பாத்திக்கிட்ட, சரி. எம்பொண்டாட்டி எங்கம்மா ஏறுவா?”

தனலெட்சுமி தரையைப் பார்த்தபடியே சொன்னாள். “நாங்களும் எங்கயாச்சும் போவணும்ல, அங்கிள்.”

அய்யாவுக்கு உச்சி கொதித்தது.

“போ! அதுக்கு இன்னொருத்தி தலையில கட்டிட்டுத்தான் போவணுமா? வர்றவ வீட்டுல கைப்புள்ள இருக்காதா? நீ சோத்தத்தான திங்கிற?”

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கேட்டைத் தாண்டும்போது கைப்பேசி அடித்தது.

அவருடைய கிள்ளான் வீட்டை வாங்கப்போகிற பெண். புதன்கிழமை கையெழுத்து. செந்தூலில் ஆற்றோரம் வாடகைக்கு இருந்து, இரண்டு முறை வெள்ளத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பிள்ளையோடு கிளம்பி வருகிறவள்.

“அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. மனசு கேக்கல, அதான். அங்க தண்ணி ஏறாதுல்ல?”

அய்யாவு சாலையோரக் கால்வாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நேத்து வந்து செவுத்தையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தீல்ல. எங்கயாச்சும் ஒரு கறை இருந்துச்சா?”

“இல்ல, அங்கிள்.”

“அப்புறம் என்னம்மா?”

கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார். போன வாரம் நாலு நாள் தொடர்ந்து உருளையைப் பிடித்து அந்தச் சுவர்களுக்கெல்லாம் சாயமடித்ததில், வலது தோள் இன்னும் விண்விண் என்று வலித்தது.

“அங்கிள்! ஆத்துக்குக் கரை கட்டப்போறாங்க. இனிமே சத்தியமா ஏறாது, நம்புங்க!” ஜீவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

அய்யாவு திரும்பிப் பார்க்கவில்லை. தோளை அமுக்கிக்கொண்டே, காறித் துப்பிவிட்டு, பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்.