கோட்டில் நடந்த பிள்ளை

பண்டத்தரிப்பில் நடந்த சிகிச்சை முகாமில் நிரோஜினி வியர்த்து வழிய இருந்தாள். பக்கத்தில் ஆறு வயது அபிசனா. எதிரே, எலும்பையும் தசையையும் கையால் தொட்டே வைத்தியம் பார்க்கிற லண்டனிலிருந்து வந்த ஊர்க்கார டொக்டர் றிச்சர்ட்.

"பிள்ளைக்கு என்ன பிரச்சினை?"

நிரோஜினி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே ஊர்ச்சனம் வரிசையில் நின்றது.

"கை கால் சொன்னபடி கேக்காது, டொக்டர். வெறுந்தரையிலையே தடக்கி விழுறது. கோப்பை, பீங்கான் ஒண்டும் கையிலை நிக்காது. சப்பாத்து லேஸ் கட்டுறதெண்டால் அழுகைதான்."

"வீட்டிலை என்ன சொல்லினம்?"

"கவலையீனமாம். அடிச்சும் பாத்தவை."

டொக்டர் அபிசனாவின் கழுத்தையும் முதுகையும் மெல்ல நீவிப் பார்த்தார். பிறகு தரையில் வெண்கட்டியால் கோடு கீறி நடக்கச் சொன்னார். அவள் பிசகாமல் நடந்தாள். எறிந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாள். லேஸை அவிழ்த்துத் தானே கட்டியும் காட்டினாள்.

"நீங்கள் சொன்னதொண்டும் இவளிட்டை இல்லையே, அம்மா."

"இவள் அக்காவின்ரை பிள்ளை, டொக்டர். தனிய வந்தால் சனம் கதைக்குமெண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்." அவள் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னது முழுக்க என்னைப் பற்றித்தான்."

"இத்தனை வருசம் விட்டிட்டு இப்ப ஏன் வந்தனீங்கள்?"

அவள் வயிற்றில் கையை வைத்தாள்.

"மூண்டு மாசம். வீட்டிலை இன்னும் சொல்லேல்லை. விழுத்திப்போடுவனெண்ட பயத்திலை இவளையே நான் ஒருநாளும் தூக்கினதில்லை, டொக்டர். என்ரை பிள்ளையை ஆர் தூக்கிறது?"