பல்லுக்குப் பின்னால் கம்பி

தாடை விண்விண்ணென்று தெறித்ததில் மாடத்தியால் கஞ்சிகூட விழுங்க முடியவில்லை. துணிக்கடை வேலைக்குச் சேர்ந்தபோது கடைச் செலவிலேயே அவளுடைய கோணல் பற்களை நேராக்கி, அவை நகராமலிருக்கப் பின்னால் ஒரு கம்பி ஒட்டிவிட்டார்கள். வேலையை விட்ட அன்றே அந்தக் கம்பி பற்களைப் பழைய கோணலுக்கு இழுக்கத் தொடங்கியது.

அதை வெட்டிவிட்டாளா என்று பார்க்கக் கடையிலிருந்து சுடலை வந்தான்.

"வாயத் தொற, யக்கா."

"இழுக்கத நிப்பாட்டச் சொல்லுல. உசுரு போவுது."

"சிரிச்சிக்கிட்டே வேலையில நின்னிருந்தா இந்த வலி உண்டுமா?" என்றபடி அவள் தாடையை அமுக்கித் திறந்தான்.

மாடத்தி கைக்கு அகப்பட்ட குழவிக்கல்லால் அவன் வாயிலேயே அடித்தாள். இரண்டு முன்பற்கள் ரத்தத்தோடு தரையில் விழுந்தன. இரண்டையும் பிணைத்தபடி அதே கம்பி.

"ஏல, ஒனக்குமா?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினான். கடைக்கு அவள் ஒரு மயிரும் தரவேண்டியதில்லை. சுடலைக்குத்தான் இரண்டு பற்கள் பாக்கி.