மூன்று மூட்டை மாலை

கவுன்சிலர் இருளப்பனை எரித்த மறுநாளே, அவர் மேல் விழுந்த நானூறு மாலைகளும் வார்டு நீராவி ஆலைக்குப் போய்விட்டன. பூவோ நாரோ வாழைமட்டையோ, எதைக் கொட்டினாலும் ஆவியில் வெந்து சர்க்கரையாகிவிடும் காலம் அது. மாலை யாருக்கு விழுந்ததோ அவர் வீட்டுக்கே சர்க்கரை என்பது சட்டம். ஆலை ஊழியர் குணவதி மூன்று மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"உசுரோட இருந்தவரைக்கும் வார்டுக்கு ஒண்ணுமே செய்யல. செத்த பிறகுதான் வீட்டுக்காவது மூணு மூட்டை குடுத்திருக்காரு," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கக்கா."

இருளப்பனின் மனைவி சௌந்தரவல்லிக்குக் கோபம் வரவில்லை. கணவருக்குச் சர்க்கரை நோய் வந்த நாள்முதல், அவர் ஏங்கக் கூடாதென்று இருபது வருஷமாக அவளும் இனிப்பில்லாத காப்பியே குடித்தாள். அவரோ தினமும் கட்சி ஆபீசில் ஒளிந்து ஜிலேபி தின்றிருக்கிறார். போன வாரம் ஆஸ்பத்திரியில்தான் அது தெரிந்தது.

அவள் மூட்டையைப் பிரித்து, தன் காப்பியில் நாலு கரண்டி போட்டாள்.

"திருட்டு மனுஷன். மல்லிப்பூ வாசம் வேற அடிக்குதுடி!"

முதல் வாய் குடித்ததும், இரண்டு நாளாக வராத அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கினாள்.