பூச்சாடிக்கு அடியில் ஒரு பெட்டி

"டீச்சர், முதல்ல அந்தப் பூச்சாடிய எடுங்க! ஆய்வு அதிகாரியோட வண்டி கேட்டுக்குள்ள வந்தாச்சு!"

தலைமை ஆசிரியர் போட்ட சத்தத்தில் அறிவியல் டீச்சர் ஓடி வந்தாள். பூச்சாடியை எடுத்தாள். விரிப்பை உருவினாள். இரண்டு வருடங்களாக ஆசிரியர் அறை மூலையில் மேசையாகப் பணியாற்றிய இரும்புப் பெட்டி வெளியே தெரிந்தது. 'செய்து கற்போம் மாதிரித் திட்டம்: அறிவியல் கருவிகள்' என்று அதன் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பூட்டின் மேலிருந்த அரக்கு முத்திரை, வந்த அன்றைக்கு இருந்தது போலவே அலுங்காமல் இருந்தது.

"நான் அன்னிக்கே திறக்கலாம்னு சொன்னேன் சார். நீங்கதான்..."

"நான் என்ன சொன்னேன்? உள்ளே கண்ணாடிச் சாமான் இருக்கும், ஒண்ணு உடைஞ்சாலும் மூணு பிரதியில விளக்கம் எழுதணும், பத்திரமா இருக்கட்டும்னு சொன்னேன். திறக்காதீங்கன்னா சொன்னேன்?"

"மாசா மாசம் அறிக்கை அனுப்பினோமே சார்?"

"அனுப்பினீங்க. அதுல உங்க கையெழுத்துதானே இருக்கு?" என்று அவர் அன்போடு ஞாபகப்படுத்தினார். "எனக்கு அவசரமா ஒரு கூட்டம். நீங்க சமாளிச்சுடுவீங்க."

கூட்டம் எங்கே என்று தெரியவில்லை. பின்வாசல் வழியாகப் போனார்.

டீச்சருக்கு அந்த அறிக்கை வரி ஞாபகம் வந்தது. 'மாணவர்கள் கருவிகளைத் தினமும் பயன்படுத்தி மகிழ்ச்சியோடு கற்கின்றனர்.' இருபத்துநான்கு மாதங்களாக இதே வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வரியை அச்சடித்தே அனுப்பியது மேலிடம்தான். ஆனால் அதை இப்போது யாரிடம் சொல்ல? பொய் அறிக்கை என்று தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. தப்பித் தவறி வேலை தங்கினாலும், எங்கோ ஒரு மூலைக்குத் தூக்கி அடிப்பார்கள். மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். இந்த வருடம் பார்த்தா இப்படி?

அதிகாரி உள்ளே வந்தார். வட்டக் கண்ணாடி, கை கொள்ளாத கோப்பு. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பெட்டி எங்கே?"

"இதோ சார்." பூட்டு தெரியாதபடி அதை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"பசங்க பயன்படுத்துறாங்களா?"

"தினமும் சார்."

"தினமுமா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னென்ன செய்யறாங்க?"

"முப்பட்டகம் வெச்சு வெளிச்சத்தை வானவில்லாப் பிரிச்சுக் காட்டுவேன். ஒரு குழந்தைக்கும் வீட்டுக்குப் போக மனசு வராது சார்."

"முப்பட்டகம்! நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பின்னே? நான்தானே நடத்தறேன்!"

"தராசு?"

"தராசுன்னா அதுங்களுக்கு உசுரு சார்."

அவர் அவளையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குட்டு உடைந்துவிட்டது, இன்றோடு முடிந்தது கதை என்று டீச்சர் முடிவே கட்டிவிட்டாள்.

ஆனால் அவர் கோப்பைப் புரட்டினார்.

"நாற்பது மாதிரிப் பள்ளியில உங்க பள்ளிதான் முதல் இடம். திட்டக் குழுத் தலைவர் இந்தப் பெட்டியைப் பத்தியே மூணு ஆய்வுக் கட்டுரை எழுதிட்டார். அடுத்த வருஷம் கல்விக் கொள்கையிலேயே சேர்க்கறாங்க. நாலாயிரம் பள்ளிக்குப் பெட்டி போகுது!"

டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாளித் தண்ணீரில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, வெயிலைப் பிடித்துச் சுவரில் வானவில் காட்டியது அவள். குச்சியில் நூல் கட்டி, இரண்டு டப்பா மூடியைத் தொங்கவிட்டுத் தராசு செய்தது அவள். பெயர் மட்டும் பூச்சாடி தாங்கிய பெட்டிக்கு. அவளுக்கு ஆத்திரமாகவே வந்தது.

"இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க. 'கருவிகள் அனைத்தும் எண்ணிச் சரிபார்க்கப்பட்டன.' அவ்வளவுதான்."

பேனாவை வாங்க ஓரடி முன்னே வந்தாள். அந்த ஓரடியில் பூட்டு தெரிந்துவிட்டது. அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"டீச்சர், முத்திரை உடையவே இல்லையே?"

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. வாளி, கண்ணாடி, குச்சி, டப்பா மூடி, இருபத்துநான்கு கையெழுத்து என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நான் எழுதினதெல்லாம் பொய் சார். பசங்க படிச்சது மட்டும் நிஜம். என்னைத் தண்டிச்சாலும் பரவாயில்லை, நாலாயிரம் பள்ளியிலயும் இதைப் பூட்டி வெச்சிடாதீங்க. இப்பவே திறந்துடறேன், நீங்களே எண்ணிப் பாருங்க!"

ஜன்னலோரம் கிடந்த செங்கல்லைத் தூக்கிக்கொண்டு பூட்டை நெருங்கினாள்.

"ஐயையோ, வேண்டாம்!" அதிகாரி பாய்ந்து வந்து பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எட்டிக் கதவைச் சாத்தினார். பூச்சாடியைத் தானே எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"மத்த முப்பத்தொன்பது பள்ளியும் தினமும் பயன்படுத்தறோம்னுதான் எழுதியிருக்கு டீச்சர், நீங்களும் கையெழுத்துப் போட்டுடுங்க," என்றார் குரலைத் தாழ்த்தி. "பெட்டி வாங்கற கமிட்டி வேற, உள்ளே வைக்கிற சாமான் வாங்கற கமிட்டி வேற. ரெண்டாவது கமிட்டி இன்னும் ஒரு தடவைகூடக் கூடலை."